ஒருவரிக் கதைக்குள் வந்த அத்தை

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். படத் தயாரிப்பு அலுவலகம் ஒன்றில் கதை கேட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறாளாம். "மேடம், இப்பல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னா நிமிஷத்துல பத்து லாக்லைன் எழுதிக் குடுத்துடுது. பத்தும் நல்லாத்தான் இருக்கு. எதை எடுக்கறதுன்னுதான் எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. நீங்கல்லாம் எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அவள் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. குற்றாலமும் அருளானந்தம் சாரும் எங்கள் அத்தையும்தான் வருகிறார்கள். வந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் நாளில் லாக்லைன் என்ற சொல் புழக்கத்தில் இல்லை. ‘ஒருவரி’ என்போம். ஒரு படத்தின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்வது. நான் வேலை பார்த்த கம்பெனியில் கதை இலாகா என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. ஒரு கதையைக் காட்சிகளாகப் பிரிப்பதற்கு முன்னால் அதன் ஒருவரி எங்கள் இலாகாவில் தேறியாக வேண்டும். தேறாத கதைக்கு இயக்குநர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அடுத்த கட்டம் கிடையாது.

நான் அந்த வேலைக்குப் போனது தற்செயல். சொந்த ஊர் தென்காசி. பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர் அது என்று சென்னையில் விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், ‘மொழி’ என்றே வைத்துக்கொண்டேன். கல்யாணமான மறுவருடம் என் கணவர் இசக்கிமுத்து வளைகுடாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அவர் கம்பெனி மாறிப் போய்விட்டார் என்றார்கள். விபத்து என்றார்கள். அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றும் சொன்னார்கள். எதுவும் உறுதியாகவில்லை. வீட்டில் நானும் என் மாமியார் உலகம்மாளும் மட்டும். அத்தை பீடி சுற்றுவாள். எனக்குத் தமிழ் டைப்ரைட்டிங் தெரியும். "நீ போயி ஒரு வேலையப் பாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கெடந்தா பைத்தியந்தான் புடிக்கும்" என்று என்னைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டதே அத்தைதான்.

கோடம்பாக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் படக் கதைகளை அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்கும்போது புரியாத இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதிவைப்பது என் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு அருளானந்தம் சார் என்னைக் கதை இலாகாவுக்கு அழைத்துக்கொண்டார். முதல் சில வருடங்கள் கேட்டேன், அடித்தேன், திருத்தினேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆறடி உயரம், கனத்த உடம்பு. கதை விவாதம் நடக்கும்போது அரிவாள்மனையைப் போட்டுத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். சமையல்காரர் தடுத்தாலும் கேட்க மாட்டார். பீன்ஸ், கத்தரிக்காய், வாழைக்காய், எது இருந்தாலும் சரி. நாம் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர் கை ஓடிக்கொண்டே இருக்கும். கை நின்றால் கதை அவரைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகும் கை நிற்கவில்லை என்றால், நிமிர்ந்து பார்த்து, "நல்லா நறுக்கியாச்சு" என்பார். அன்றைக்குப் பொரியல் உண்டு, கதை கிடையாது.

‘நன்றாக இல்லை’ என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். இரண்டாம் தடவை சொல்லும்போது ஓட்டை எங்கே என்று சொல்கிறவருக்கே தெரிந்துவிடும்.

நான் தனியாக எழுதிய முதல் ஒருவரி இப்போதும் நினைவிருக்கிறது. ‘பாசத்துக்கும் வெறுப்புக்கும் இடையில் தவிக்கும் ஒரு மகனின் போராட்டம்.’ மிகவும் பெருமையாக வாசித்தேன். சார் கை நிற்கவில்லை. "இதுல ஆளே இல்லையேம்மா. பாசம் எந்த ஊரு? வெறுப்பு எந்தத் தெரு? அவனுக்கு என்ன வேலை? இன்னிக்குக் காலையில அவன் என்ன செய்யணும்?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, திரும்ப எழுதினேன். ‘புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரி டிரைவர், சிறுவயதில் தன்னை விட்டு ஓடிப்போன அப்பாவின் உடலை அதே லாரியில் ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.’ சார் கை நின்றது. "லோடு இறக்கிட்டு வர்றானா, லோடோட வர்றானா?" என்று கேட்டார். கதை உயிரோடு இருக்கிறது என்று அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஒருவரிக்கு அவர் மூன்று கேள்விகள் வைத்திருந்தார். யாருக்கு என்ன வேண்டும்? யார் குறுக்கே நிற்கிறார்கள்? குறுக்கே நிற்கிறவர் பக்கம் நியாயம் இருக்கிறதா? முதல் இரண்டும் எல்லோரும் கேட்பதுதான். மூன்றாவதில்தான் முக்கால்வாசிக் கதைகள் விழும். வில்லன் கெட்டவன் என்பதால் தடுக்கிறான் என்றால் சார் அடுத்த காயை எடுத்துவிடுவார்.

இந்த மூன்றிலும் தேறிய பிறகும் ஒரு சோதனை பாக்கி. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் அந்த ஒருவரியைச் சொல்வார். அபிப்பிராயம் கேட்க மாட்டார். மறுநாள் அதே ஆளிடம் போய், "நேத்து ஒரு கதை சொன்னேனே, எனக்கே மறந்துபோச்சு, என்ன அது?" என்பார். அந்த ஆள் எதை விட்டுவிட்டுச் சொல்கிறாரோ அது கதைக்குத் தேவையில்லை. எதைத் தப்பாகச் சொல்கிறாரோ, அதை நாம் மறுபடி யோசிக்க வேண்டும். "மனுசன் தனக்கு வேண்டியபடிதான் தப்பாச் சொல்லுவான்" என்பது அவர் கட்சி.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் முதலாளி சாரைக் கூப்பிட்டு ஒரு கருவைக் கொடுத்தார். ‘வெளிநாட்டில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட கணவன், மனைவியின் மறுமணத்தன்று வாசலில் வந்து நிற்கிறான்.’ முதலாளிக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. உடனே விவாதத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார். சீசன் கூட்டம் வடிந்துவிட்டால் குற்றாலம் எங்களுக்குத் தோதான இடம். ஐந்தருவி போகிற சாலையில் ஒரு வீடு வழக்கமாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் சார் என்னைத் தனியே அழைத்தார். என் நிலைமை அவருக்குத் தெரியும்.

"மொழி, இந்தக் கதையில நீ உக்காரணும்னு கட்டாயம் இல்ல. இங்க வேற வேலை இருக்கு."

"உக்காருறேன் சார்" என்றேன். அத்தையைப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. என்னைப் போல ஒருத்தியை வைத்து இவர்கள் என்ன முடிவு பண்ணுகிறார்கள் என்று கேட்க எனக்கே ஆசையாக இருந்தது.

சாருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் இலாகாவில் பாலகுரு என்று ஒருவர் இருந்தார். மதுரைக்காரர், அதிகம் பேச மாட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். ஏழு வருடம் தகவலே இல்லை என்றால் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் எப்போதோ எனக்கு வழி விட்டிருந்தது. வக்கீலும் அதைத்தான் சொன்னார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. நான் இன்னொரு தாலி கட்டிக்கொண்டால் என்ன அர்த்தம்? இசக்கிமுத்து செத்துவிட்டார் என்று அர்த்தம். அதை அத்தையிடம் யார் சொல்வது? நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "ஒன் நெத்தியில பொட்டப் பாத்தாத்தாம்ட்டி எனக்குத் தெம்பா இருக்கு" என்று சொல்கிறவளிடம்?

"நீங்க சொல்ற வரைக்கும் திரும்பக் கேக்க மாட்டேன்" என்று பாலகுரு சொல்லியிருந்தார். கேட்கவும் இல்லை.

குற்றாலத்து வீட்டின் பின்கட்டில் விவாதம் தொடங்கியது. சாரல் விட்டிருந்தாலும் மலையிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து சார் நறுக்குவதையே பார்க்கும். அவர் கொஞ்சம் அயர்ந்தால் முருங்கைக்காய் போய்விடும். எப்போதும் அமைதியாக இருக்கும் பாலகுரு அந்த முறை முதல் நாளே எகிறினார்.

"சார், இது கதை இல்ல, அதிர்ச்சி. அவன் வாசல்ல வந்து நின்னதும் படம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் மூணு பேரும் அழறதைத் தவிர என்ன இருக்கு?"

"அவ யாரோட போறாங்கிறது இருக்கே?" என்றார் சார்.

"யாரோட போனாலும் அவளைத்தான் திட்டுவாங்க. அதுக்கா நாம ஒரு படம் எடுக்கணும்?"

சார் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து காகிதத்தைச் சரி செய்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாழைக்காயை எடுத்தார். மூன்றாவது கேள்வியில் கதை விழுந்துகொண்டே இருந்தது. குறுக்கே நிற்பது விதி. விதியின் பக்கம் நியாயம் உண்டா என்று எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பாலகுரு தலைவலி என்று வரவில்லை. சாரும் நானும் பஸ்ஸில் தென்காசி போனோம். அத்தை அவியலும் சொதியும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பீடி இலையை எடுத்து வைத்துக்கொண்டு சாரிடம் கேட்டாள்.

"என்ன கதையாக்கும் எழுதுதிய? எங்கிட்டச் சொல்லப்படாதா?"

சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றத்தான் பார்த்தார். அத்தை விடவில்லை. கடைசியில், முதலாளி கொடுத்த அதே வரியை அவர் மெதுவாகச் சொன்னார். கணவன் வெளிநாடு போனான், செத்துவிட்டான் என்று நம்பினார்கள், மனைவிக்கு மறுகல்யாணம், அன்றைக்கு வாசலில் வந்து நிற்கிறான்.

இலை நறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"வந்துட்டானா?" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டானா பாத்தியளா!"

மறுநாள் சாயந்திரம் சார் என்னோடு திரும்பவும் கிளம்பியபோது, சோதனைக்காகத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஆச்சி, நேத்து ஒரு கதை சொன்னேனே, என்ன அது? மறந்துபோச்சு" என்றார்.

"மறந்துட்டியளா? நல்லாக் கத எழுதுனிய, போங்க." அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஒருத்தன் வெளிநாட்டுக்குப் போனான். ஒரு கடுதாசியோ தாக்கலோ இல்ல. ஊரே செத்துப்போயிட்டாம்னு சொல்லுது. அவன் அம்ம மட்டும் இல்லேன்னு சொல்லுதா. ஒருநா அவன் வந்து அங்கன நடையில நிக்கான். அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. யாருய்யான்னு கேக்கா. நாந்தாம்மான்னு சொல்லுதான். அம்புட்டுத்தான். அவ போயி சோத்துக்கு எலயப் போடுதா."

சார் கேட்டார். "அந்தக் கல்யாணம்?"

"எந்தக் கல்யாணம்?" என்றாள் அத்தை.

திரும்பி வரும் பஸ்ஸில் மேலகரம் தாண்டியதும் சார் ஜன்னலைப் பார்த்தபடியே, "மொழி, நம்ம கதையில அம்மாவே கிடையாது. நான் அப்படி ஒரு வார்த்தையே சொல்லலை. அவங்களா வந்து உள்ள உக்காந்துட்டாங்க" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை சார் அரிவாள்மனையைப் போடவில்லை. என்னையும் பாலகுருவையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"கணவன் வரவே வேண்டாம். காணாமல்போன மகன் இறந்துவிட்டான் என்று அவன் தாய் ஒப்புக்கொண்டால்தான் மருமகளுக்கு மறுவாழ்வு. ஆனால் அந்தத் தாய்க்கு உலகத்தில் இருக்கிற ஒரே துணை அந்த மருமகள்தான்." நிறுத்தினார். "யாருக்கு என்ன வேணும், தெரியுது. யார் குறுக்க நிக்கிறாங்க, தெரியுது. பாலகுரு, குறுக்க நிக்கிறவங்க பக்கம் நியாயம் இருக்கா?"

பாலகுரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு நியாயமும் அவங்க பக்கந்தான் சார்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

சார் அவர் போன திசையைப் பார்த்தார். "அப்படியா சங்கதி" என்றார் மெதுவாக. எத்தனை ஆயிரம் கதை கேட்டவர். நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது உன் வீடு, மொழி. எழுதலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ வேண்டாம்னா இத்தோட விட்டுடலாம், முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"முடிவு என்ன சார்? அந்த அம்மா ஒத்துக்கிறாளா?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கற்பனை பண்ணி எழுதினா பொய்யாப் போயிடும்."

மத்தியானம் நான் மட்டும் தென்காசி போனேன். கோயில் தெருவில் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளியது. எதிர்க்காற்றில் நடந்து வீட்டுக்குப் போனேன். அத்தை சுளகில் தூளை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு தொழில்தான்.

"அத்த, கதைய மாத்திட்டோம். கேக்கியளா?"

"சொல்லு."

"ஒரு அம்ம. ஒரு மருமக. மகன் போயிப் பல வருசமாச்சு, தாக்கல் இல்ல. மருமகள ஒருத்தர் கட்டிக்கிடுதேன்னு கேக்காரு. நல்ல மனுசன். ஆனா அந்த அம்ம, எம்புள்ள செத்துட்டாம்னு ஒத்துக்கிடணும். அப்பத்தான் அவ போக முடியும். அவளுக்கோ அம்மைய நோகடிக்க மனசில்ல."

அத்தை சுற்றிக்கொண்டிருந்த பீடியை முடித்து நூல் கட்டினாள். அதைச் சுளகில் வைத்தாள். அடுத்த இலையை எடுக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"கேக்கவரு என்ன சோலி பாக்காரு?"

"கதை எழுதுதாரு."

"ம்." தெருவில் யாரோ பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்ததும் அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"ஏட்டி, கொழலு. எம்புள்ள செத்துட்டாம்னு எவன் வந்து கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். அது எங்கிட்ட நடக்காது."

"சரி அத்த" என்றேன். எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இரு. நான் எதுக்குச் சொல்லணுங்கேன்? அவன் செத்தாத்தான் நீ போணுமா? அவன் பாட்டுக்கு இருக்கட்டும். நீ போ. காத்துக்கிட்டு இருக்கதுக்கு ஒரு ஆள் போதும்ட்டி. ரெண்டு பேரு எதுக்கு? அவன் வந்தாம்னா நான் சொல்லிக்கிடுதேன். நாந்தாம்ல அனுப்பி வச்சேம்னு சொல்லுதேன்."

அவள் மடியில் விழுந்து அழுதேன். பீடித்தூள் கண்ணில் பட்டு எரிந்தது. "சவத்த, தூளையெல்லாம் கொட்டுதியே" என்று சொல்லிக்கொண்டே என் முதுகைத் தடவினாள்.

குற்றாலம் திரும்பி சாரிடம் அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையில் அப்போது காயும் இல்லை, அரிவாள்மனையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நம்மால எழுதியிருக்க முடியாது" என்றார். வெளியே பாலகுரு படியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதை நானே போய்ச் சொன்னேன்.

அடுத்த தை மாதம் எங்கள் கல்யாணம் தென்காசிக் கோயிலில் நடந்தது. அத்தைதான் முன்னால் நின்று நடத்தினாள். எங்களோடு சென்னைக்கு வரச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டோம். "வீட்டப் பூட்டிட்டு வந்தா, அவன் வந்து யாருட்டக் கேப்பான்?" என்பாள். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தியதில்லை. கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். இசக்கிமுத்துவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கதைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளிக்கு ஒருவரி பிடித்தது. ஆனால் கடைசி ரீலில் கணவன் வந்தே தீர வேண்டும் என்றார். சார் முடியாது என்றார். முதலாளியிடம் அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கதை பெட்டிக்குள் போயிற்று. சில வருடங்கள் கழித்து ஒரு புது இயக்குநர் கேட்டு வாங்கி, எழுதியபடியே எடுத்தார். பெரிய ஓட்டம் இல்லை. பார்த்தவர்கள் மறக்கவில்லை. அதைப் பார்க்கச் சார் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு. அதன்பின் எவ்வளவோ ஒருவரிகள் எழுதினேன். சில படங்கள் நன்றாகவே ஓடின. ஆனாலும் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் என் மனம் போய் நிற்பது இங்கேதான்.

அந்தப் படம் தென்காசியில் வெளியானபோது நானும் பாலகுருவும் அத்தையைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனோம். திரையில் வந்த மாமியார் அவளைப் போலவே பேசினாள். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தாள்.

வெளியே வந்ததும் பாலகுரு கேட்டார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் எடுத்திருக்காவ. அந்த மருமகப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா கடைசியில அவன் வந்திருக்கலாம்ட்டி. படந்தான. படத்துலயாவது வந்திருக்கப்படாதா?"

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தோம்.